சொந்தக் காரணங்களால்

நாகசாக்கி
ஏப்ரல் 14, ஹெய்செய் 25 (2013)

அன்புள்ள தெய்ஜிக்கு,

செர்ரிப் பூ உதிர்ந்து, மலைச் சரிவில் பச்சை ஏறத் தொடங்கிவிட்டது. நீயும் மிஹோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வலது முழங்கால் மட்டும் படிக்கட்டுகளோடு சண்டை போடுகிறது. மற்றபடி எழுபத்து மூன்று வயதுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈஸ்டர் பூசைக்கு நடந்தே போய் வந்தேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏழு பிழைகள். ஐம்பத்தாறு வயது ஆளுக்கு அக்கா சிவப்பு மையால் திருத்தி அனுப்புகிறாளே என்று உன் மனைவி மிஹோ சிரிப்பதாக எழுதியிருந்தாய். சிரிக்கட்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னை வளர்த்தவள் நான். கான்வென்ட்டில் சிஸ்டர் க்ளோத்தில்ட் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: கடிதம் எழுதுவது இன்னொருவர் வீட்டுக்குள் போவதைப் போன்றது, செருப்பைக் கழற்றாமல் நுழையக் கூடாது.

தராசுக் கம்பெனியில் உனக்கு இது முப்பத்து மூன்றாவது வசந்தம். ஏப்ரல் இடமாற்ற மாதமாயிற்றே, உனக்கு ஏதாவது மாற்றம் உண்டா? எழுது.

ஜெபத்தில் உன்னை மறவாத
அக்கா மசாயோ


கவாசாக்கி
மே 8

அக்கா,

பருவம், நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். மன்னியுங்கள்.

ஏப்ரல் முதல் தேதி என்னைச் சோதனைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது நான் இருப்பது 'தொழில் மேம்பாட்டு அறை'. பழைய கிடங்கின் நான்காம் மாடி. பதினான்கு பேர், எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள். தொலைபேசி கிடையாது. வெளியே எங்களுக்கு வேறு வேலை தேடிக்கொள்வதுதான் எங்கள் வேலை. சாயங்காலம் ஐந்தே காலுக்கு, அன்று என்ன தேடினோம் என்று அறிக்கை எழுதித் தர வேண்டும்.

பணியாளர் பிரிவுத் தலைவர் ஒனோதெரா இதுவரை ஐந்து முறை என்னை அழைத்துவிட்டார். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். ஒவ்வொரு முறையும் தேநீர் வரும். பிறகு நம் குடும்பப் பெயரைச் சொல்லி இதே பேச்சு.

"மினே சார், கம்பெனியில உங்களுக்குன்னு ஒரு நாற்காலி இல்ல. இத நான் எப்படிச் சொல்றது?"

"என்னப் போகச் சொல்றீங்களா?"

"ஐயையோ, அப்படி ஒரு வார்த்தை என் வாயில வந்துச்சா? முடிவு உங்களோடது. நீங்களா யோசிச்சு நல்ல முடிவா எடுங்கன்னுதான் சொல்றேன்."

நேற்றும் இதேதான். முப்பத்து மூன்று வருடத்தில் நான் முத்திரை வைத்து அனுப்பிய தராசு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதைச் சொன்னேன். "அதெல்லாம் இப்ப மெஷின் பாத்துக்குது சார்" என்றார்.

பக்கத்து நாற்காலி ஹிகுச்சி. வந்ததும் செய்தித்தாளில் குதிரைப் பந்தயப் பக்கத்தை விரிப்பார். "எதையும் எழுதிக் குடுத்துடாதீங்க மினே. போன்னு அவங்க வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் பேப்பர் படிங்க. கூப்பிட்டுப் பேசினா தேதி, நேரம், சொன்ன வார்த்தை, எல்லாத்தையும் நோட்டுல குறிச்சு வைங்க. பின்னாடி அதுதான் சோறு போடும்" என்கிறார்.

அறுபதுக்கு இன்னும் மூன்று வருடம் எட்டு மாதம். நான் இந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாமா? அவமானம்தான். ஆனால் எனக்குப் போக மனமில்லை. நீங்கள் சரி என்றால் உட்கார்ந்திருப்பேன். மிஹோவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

தெய்ஜி


நாகசாக்கி
மே 16

அன்புள்ள தெய்ஜிக்கு,

இளந்தளிர்க் காற்று இதமாக வீசுகிறது. நீ உடல்நலத்தோடு இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் நலம்.

உன் கடிதத்தை உறையோடு திருப்பி அனுப்புகிறேன். இருபத்து மூன்று திருத்தங்கள். பிழைகளைவிட அதன் தொனிதான் என்னை உலுக்கியது. திரும்பத் திரும்ப நான்கு முறை படித்தேன், என் தம்பி எழுதியதா இது என்று.

உட்காரச் சொல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பவனை என்னவென்று சொல்வார்கள்? துரத்தும் வரை நின்றவர்கள் நம் குடும்பத்தில் இல்லை. அந்த ஹிகுச்சி எப்படிப்பட்ட ஆள் என்பதற்குக் குதிரைப் பந்தயப் பக்கமே போதும். சொன்ன வார்த்தையைக் குறித்து வைப்பது போலீஸ்காரன் செய்கிற வேலை. அப்படி ஒரு நோட்டு இருந்தால் கிழித்துப் போடு.

முறையாக விலகல் கடிதம் கொடு. மாதிரி ஒன்றைத் தூரிகையால் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். 'சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன்' என்ற அந்த ஒரு வரி போதும். யார் மேலும் பழி இல்லை, யாரிடமும் கெஞ்சல் இல்லை. பண்புள்ளவர்கள் காலங்காலமாக எழுதும் வரி அது. நல்ல தாளில், நிதானமாகப் பார்த்து எழுது. அவசரத்தில் கோடு சாயும்.

உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
அக்கா மசாயோ


கவாசாக்கி
ஜூன் 4

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

மழைக்காலம் தொடங்கி, எங்கள் தெருவில் ஹைட்ராஞ்சியாப் பூ நீலம் பிடித்திருக்கிறது. தங்கள் முழங்கால் ஈரக் காற்றில் தொந்தரவு கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் நலம்.

தங்கள் சொற்படி மே மாதம் முப்பதாம் தேதி கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. எல்லாம் மரியாதையாக நடந்தது. கவலைப்பட வேண்டாம்.

கோடை நெருங்குகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்
மினே தெய்ஜி


நாகசாக்கி
ஜூன் 12

அன்புள்ள தெய்ஜிக்கு,

மழை விடாமல் பெய்கிறது. ஆனாலும் உன் கடிதம் வந்த அன்று வீட்டுக்குள் வெயில் வந்ததுபோல் இருந்தது. ஒரு பிழைகூட இல்லை. சிவப்பு மையைத் திறக்கவே இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை நானே வைத்துக்கொள்கிறேன்.

மோகியிலிருந்து வந்த பிவாப் பழமும் ஒரு கஸ்தெல்லாக் கேக்கும் அனுப்பியிருக்கிறேன். கேக்கின் அடியில் இருக்கும் சர்க்கரைப் பருக்கைகளை மிஹோவே எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

உன்னைப் போன்ற அனுபவசாலியை ஒரு மாதத்தில் எங்கிருந்தாவது கூப்பிடுவார்கள். அதுவரை ஓய்வெடு. புத்தகம் படி.

நிம்மதியோடு
அக்கா மசாயோ


நாகசாக்கி
ஆகஸ்ட் 3

தெய்ஜிக்கு,

வெயில் தாங்கவில்லை. சிள்வண்டுச் சத்தத்தில் ஜெபமாலை எத்தனையாவது மணியில் இருக்கிறது என்றே மறந்துபோகிறது. நீங்கள் நலம்தானே?

ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. பழம் வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. வேலை கிடைத்து நேரமில்லாமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொள்கிறேன். அப்படியானாலும் ஓர் அஞ்சலட்டை போட ஐந்து நிமிடம் போதும்.

ஒன்பதாம் தேதி அணுகுண்டு நினைவு மணி அடிக்கும்போது, அந்தக் குண்டின் நோயில் போன அப்பா அம்மாவுக்காகக் கோவிலில் இருப்பேன். நீயும் அந்த நேரத்தில் நினைத்துக்கொள்.

மசாயோ


கவாசாக்கி
ஆகஸ்ட் 19

அண்ணிக்கு,

மிஹோ எழுதுகிறேன். எஞ்சிய வெயில் கடுமையாக இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் எழுத வேண்டும். எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒசாகாக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாது.

பழம் வந்தது. நான்தான் தின்றேன். அவர் தொடவில்லை. காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டு, பாயில் சுவரைப் பார்த்து உட்கார்கிறார். மதியம் கூப்பிட்டால் வந்து சாப்பிடுகிறார். திரும்பவும் சுவர்.

ஜூலையில் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனோம். வேலை போனவர்களுக்குக் காப்பீட்டுப் பணம் அங்கேதான் தருவார்கள். கம்பெனி அனுப்பிய தாளில் 'சொந்தக் காரணங்களால் விலகினார்' என்று இருந்தது. அப்படி இருந்தால் மூன்று மாதம் ஒன்றும் வராது. வந்தாலும் நூற்றைம்பது நாளோடு சரி. துரத்தப்பட்டவர் என்றால் உடனே தொடங்கும், முன்னூற்று முப்பது நாள் வரும். பக்கத்து நாற்காலி ஹிகுச்சிக்கு அப்படித்தான் வருகிறது. அவர் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. கடைசியில் கம்பெனியே அவரை நீக்கியது. இப்போதும் பந்தயப் பக்கம்தான் படிக்கிறார், வீட்டில் உட்கார்ந்து.

கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள். "இதுல சொல்லியிருக்கிற காரணத்துக்கு மறுப்பு உண்டா?" இவர் தாளை மடிக்கத் தொடங்கினார். நான் பேனாவைப் பிடுங்கி 'உண்டு' என்பதில் வட்டம் போட்டேன். "அப்ப ஆதாரம் வேணுமே. கூப்பிட்டுப் பேசின தேதி குறிச்சு வச்சிருக்கீங்களா? ஏதாவது நோட்டு?" என்றாள். "கிழிச்சுட்டேன்" என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். அதற்கு விடை உங்கள் கடிதத்தில் இருக்கிறது, இப்போதுதான் படித்தேன்.

இன்னொன்று. அவர் அந்த விலகல் கடிதத்தை எழுதவே இல்லை. எழுத உட்கார்ந்தார், கோடு சாய்ந்தது. மூன்று தாள் கிழித்தார். கடைசியில் நீங்கள் அனுப்பிய மாதிரியின் மேலேயே தேதியைப் போட்டு முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார். கம்பெனியின் கோப்பில் இருப்பது உங்கள் கையெழுத்து, அண்ணி.

ஆதாரம் ஒன்றுதான் இருக்கிறது. மே மாதம் அவர் உங்களுக்கு எழுதியது, நீங்கள் சிவப்பு மையால் திருத்தி உறையோடு திருப்பியது. உறையில் தபால் முத்திரையும் தேதியும் இருக்கின்றன. 'எனக்குப் போக மனமில்லை' என்று அதில் இருக்கிறது. அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தார். இதைக் கொடுக்கலாம் என்றேன். "அக்கா எழுதினது ஒரு ஆபீஸ் மேஜை மேல கிடக்கக் கூடாது. விடு" என்றார். இரண்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மறுப்புக்குக் கெடு செப்டம்பர் கடைசி. நான் என்ன செய்யட்டும்? இந்தக் கடிதத்தையும் வேண்டுமானால் திருத்தி அனுப்புங்கள்.

மிஹோ


நாகசாக்கி
செப்டம்பர் 2

மிஹோவுக்கு,

உன் கடிதம் பத்து நாளாக மேஜையில் இருக்கிறது. பதில் எழுத எட்டு முறை உட்கார்ந்தேன். முதல் ஏழு முறை எழுதியவற்றில் என்னை நியாயப்படுத்தியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தை உறையோடு எனக்கு அனுப்பு. பதிவுத் தபாலில். அவனிடம் சொல்லாதே. கவுன்டரில் இருக்கும் அந்தப் பெண்ணின் பெயரையும் எழுது.

நீ நன்றாகச் சாப்பிடு.

மசாயோ


நாகசாக்கி
செப்டம்பர் 20

அன்புள்ள தெய்ஜிக்கு,

காற்றில் சூடு குறைந்திருக்கிறது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கவாசாக்கிக்கு வந்திருந்தேன். மிஹோவைக் கோபிக்காதே, கடிதத்தை அனுப்பச் சொன்னது நான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எண் சீட்டுக் கொடுத்தார்கள். எண்பத்து ஆறு. பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அத்தனை பேர் அங்கே இருந்தும் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சக்குமா என்ற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும், "அம்மா, எழுபதுக்கு மேல இருக்கிறவங்க பக்கத்து கவுன்டர். கட்டடம் கூட்டற வேலை ஒண்ணு ரெண்டு இருக்கு" என்றாள்.

"வேலை கேட்டு வரல. தம்பி விஷயமா வந்திருக்கேன்."

"குடும்பத்துல இருக்கிறவங்க சொல்றத நாங்க பொதுவா எடுத்துக்கிறதில்லையே."

"சொல்ல வரல. காட்ட வந்திருக்கேன்."

உன் கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவள் படித்துக்கொண்டே போனவள் நிறுத்தினாள். "இந்தச் சிவப்பு மை யாரோடது?"

"என்னோடது."

"'எனக்குப் போக மனமில்லை.' இந்த வரிய அடிச்சிருக்கீங்க. ஓரத்துல 'கெஞ்சல், அசிங்கம்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

எனக்குப் பின்னால் நின்ற கிழவர் ஒருவர் தன் பக்கத்து ஆளிடம், "அடேயப்பா, எங்கக்காளே தேவலாம் போலிருக்கு" என்றார். எல்லாருக்கும் கேட்டது. நான் திரும்பவில்லை.

கம்பெனி அனுப்பியிருந்த விலகல் கடிதத்தின் நகலை எடுத்து வந்தாள். அதே வரியை என்னை எழுதச் சொன்னாள். பையிலிருந்த தூரிகைப் பேனாவால் எழுதினேன். சாயாமல்தான் வந்தது. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒரே கை" என்றாள். "ஒரே கைதான். அவன் இதை எழுதல. அவனுக்குப் போகவும் விருப்பமில்ல. அதுக்குச் சாட்சி நான் அடிச்ச வரி" என்றேன்.

அதன் பிறகு இன்னொரு கேள்வி கேட்டாள். பதில் சொன்னேன். எழுதிக்கொண்டு என் முத்திரையை வாங்கினாள். அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை.

ரயில் நிலையத்திலிருந்து உன் வீட்டுக்கு ஒரே பேருந்து. அது மூன்று முறை வந்து போனது. நான் ஏறவில்லை. ஏழு மணி நேரம் திரும்பிப் பயணம் செய்து வந்தேன்.

முடிவு தபாலில் வருமாம். உனக்குத்தான் வரும், எனக்கு வராது. வந்தால் தெரிவி.

அக்கா


கவாசாக்கி
அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

மதிலோரம் கின்மொகுசெய்ப் பூ மணக்கிறது. எனக்குத் தூக்கம் வருகிறது, பசிக்கிறது. மிஹோ திட்டுவதும் காதில் விழுகிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் அத்தனை நேரம் ரயிலில் எப்படித் தாங்கியது?

நேற்று முடிவு வந்தது. காரணத்தை மாற்றிவிட்டார்கள். 'நிறுவனத்தின் வற்புறுத்தலால்' என்று இருக்கிறது. ஹிகுச்சியின் நோட்டையும் வாங்கிப் பார்த்தார்களாம். என்னைக் கூப்பிட்ட நாட்களையும் அவர் குறித்திருக்கிறார், திரும்பி வந்தபோது என் முகம் எப்படி இருந்தது என்பது உட்பட. ஒரு பாட்டில் சாக்கேயுடன் போய்ப் பார்த்தேன். "எங்கக்கா இருந்திருந்தா என்னையும் போன்னுதான் சொல்லியிருப்பா. நல்லவேளை எனக்கு யாருமில்ல" என்று சிரித்தார்.

கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டபோது, சக்குமா உங்கள் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். நான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதியாம். கடைசிக் கேள்வி இது: "'சொந்தக் காரணங்கள்'னு எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

நீங்கள் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

"தெரியும். ஷோவா அறுபத்து ரெண்டுல கப்பல் தளத்துல ஆள் குறைச்சாங்க. என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் எழுத மாட்டேன்னாரு. நான்தான் இதே வரிய எழுதிக் குடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்கு ஒண்ணும் வரல. கிமோனோவ ஒண்ணொண்ணா வித்தேன். மண்ணெண்ணெய் வாங்காம இருந்தோம். வெளியில யாருக்கும் தெரியாது. தானா விலகினவர்னு எல்லாரும் அவர மதிச்சாங்க. அது போதும்னு நெனச்சேன். அவருக்கும் போதுமான்னு நான் கேட்கல."

எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தான் கடல் படம் வரைய ஆசைப்பட்டு வேலையை விட்டார் என்றுதான் நான் இருபத்தாறு வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் புத்தாண்டுக்கு நான் காய்ச்சலோடு வந்து உங்கள் வீட்டில் பத்து நாள் படுத்திருந்தேன். தினமும் எனக்குப் பாரை மீன் வாட்டி வைத்தீர்கள். நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "முன்னாடியே ஆச்சு" என்றீர்கள். அத்தானைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

நான் இரண்டாவது மீனும் கேட்டு வாங்கித் தின்றேன், அக்கா.

தெய்ஜி